பார்வை போன கண்ணில் தீராத வலி: கண்ணுக்குப் பின்னால் போடும் ஊசி உதவுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் வலது கண்ணில் ரத்தக் குழாய் அடைத்துப் பார்வை மங்கியது. கண்ணுக்குள் இரண்டு முறை ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. இப்போது வலிதான் பெரிய பிரச்சினை. வலது பக்கத் தலையே இடிக்கிறது என்கிறார், ராத்திரி தூங்குவதில்லை, சில நாள் வாந்தியும் எடுக்கிறார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார். “பார்வைதான் போய்விட்டதே, அப்புறம் எதற்கு வலிக்க வேண்டும்?” என்று கேட்கிறார். ஒரு டாக்டர் கண்ணுக்குப் பின்னால் ஆல்கஹால் ஊசி போடலாம் என்கிறார். இன்னொருவர் குளோர்புரோமசின் என்ற ஊசியைச் சொன்னார்; தேடிப் பார்த்தால் அது மனநோய்க்கான மருந்து என்று வருகிறது. மூன்றாமவர் கண்ணை எடுத்துவிடுவதே நல்லது என்கிறார். அப்பா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. டார்ச் அடித்தால் ஏதோ வெளிச்சம் தெரிகிறது என்றும் சொல்கிறார். இந்த ஊசி என்ன செய்யும்? ஆபத்தானதா? இடது கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பல வீடுகளில் இந்தக் கேள்வி சந்தேகமாக மாறிவிடுகிறது. பார்வை இல்லாத கண் எப்படி வலிக்கும், மனசுதான் காரணமாக இருக்கும் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்க ஆரம்பிக்கிறார்கள். அது தவறு. பார்வையைக் கொண்டுபோவது ஒரு நரம்பு, வலியைக் கொண்டுபோவது வேறொரு நரம்பு. பார்வை நரம்பு கண்ணின் பின்பக்கத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. கண்ணின் வலி, எரிச்சல், தொடு உணர்ச்சி எல்லாம் முகத்துக்கு உணர்ச்சி தரும் முந்நரம்பின் முதல் கிளை வழியாகப் போகின்றன. முதலாவது முழுவதும் செத்துப்போன பிறகும் இரண்டாவது நன்றாகவே வேலை செய்யும். அதே கிளைதான் நெற்றிக்கும் உச்சந்தலையின் முன்பகுதிக்கும் போவதால், கண்ணில் பிறக்கும் வலி பாதித் தலையை இடிப்பதுபோல் தெரிகிறது. அழுத்தம் மிக ஏறும்போது குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுவாக இருக்க வேண்டும். விழித்திரையின் மையச் சிரை அடைபட்டால், ரத்தம் சரியாகக் கிடைக்காத விழித்திரை புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அந்தக் குழாய்கள் கண்ணின் முன்பகுதியில், கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் என்ற திரையின் மேலும், கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலையிலும் படர்ந்து, வடிகாலை அடைத்துவிடுகின்றன. சிரை அடைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் இது தலைகாட்டுவது வழக்கம் என்பதால் 100 நாள் கிளாக்கோமா (கிளாக்கோமா என்றால் கண் அழுத்த நோய்) என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. கண்ணின் அழுத்தம் சாதாரணமாக பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த நோயில் 50, 60 வரைகூட ஏறும். அப்பாவுக்கு முன்பு கண்ணுக்குள் போட்ட ஊசி, அந்த ரசாயனத்தைத் தடுத்துப் புதிய குழாய்களைச் சுருங்க வைப்பதற்காக. அதன் பலன் சில வாரங்கள்தான் என்பதால் அதைத் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். இப்போது பேசுகிற ஊசி முற்றிலும் வேறு. அது கண்ணுக்குள் போவதே இல்லை. கண்ணுக்குப் பின்னால், எலும்புக் குழிக்குள் போகிறது. அது நோயைத் தொடாது, அழுத்தத்தைக் குறைக்காது, பார்வையையும் திருப்பித் தராது. வலியைச் சுமந்து செல்லும் நரம்பைச் செயலிழக்க வைப்பதுதான் அதன் வேலை.

ஊசியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு: அப்பாவின் வலி எங்கிருந்து வருகிறது என்று யாராவது கண்டுபிடித்தார்களா? உங்கள் கடிதத்தில் மூன்று டாக்டர்களின் யோசனைகள் இருக்கின்றன. கண்ணின் அழுத்தம் இப்போது எவ்வளவு, ஸ்கேன் எடுத்தார்களா, கார்னியா (கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் படலம்) எப்படி இருக்கிறது என்பது எதுவும் இல்லை. இவை தெரியாமல் ஊசியா, அறுவைச் சிகிச்சையா என்று முடிவு செய்ய முடியாது.

வலி எழும் இடங்கள் பல. அழுத்தம் கூடுவதால் வரும் வலி ஆழமாக, கனமாக, தலையோடு சேர்ந்து இடிக்கும். அழுத்தத்தால் கார்னியா நீர் கோத்து வீங்கி, அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்து உடைந்தால் வரும் வலி வேறு மாதிரி: மணல் விழுந்ததுபோல் உறுத்தும், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் குத்தும், தண்ணீர் கொட்டும். உள்ளே அழற்சி இருந்தால் வெளிச்சம் பட்டாலே வலிக்கும், பார்வை இல்லாத கண்ணானாலும் அப்படித்தான். இந்த மூன்றும் ஒரே கண்ணில் கலந்தும் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. டாக்டர் தன் அறையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒரு துளி விடுவார். ஒரு நிமிடத்தில் வலி பெரும்பாலும் அடங்கிவிட்டால், அது கண்ணின் மேற்பரப்பிலிருந்து வரும் வலி. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் ஊசி தேவையே இல்லாமல் போகலாம். கார்னியாவைப் போர்த்தும் மெல்லிய கான்டாக்ட் லென்ஸ், ஈரப்பதம் தரும் சொட்டு மருந்து, உப்புச் செறிவு அதிகமான சொட்டு மருந்து ஆகியவையே பெரிய நிம்மதி தரும். ஆனால் அந்த மரத்துப்போகும் மருந்தை வீட்டுக்கு வாங்கி வந்து விட்டுக்கொள்ளவே கூடாது. சில நாட்களிலேயே கார்னியா கரைந்து புண்ணாகிவிடும். எவ்வளவு கெஞ்சினாலும் நாங்கள் அதை எழுதித் தராததற்குக் காரணம் அதுதான்.

சொட்டு மருந்தில் வலி அடங்காவிட்டால், கண்ணுக்குப் பின்னால் வெறும் மரப்பு மருந்தை மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம். அதன் வேலை சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் அப்பா “வலி போய்விட்டது” என்றால், நிரந்தரமான மருந்தைப் போட்டாலும் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மரப்பு மருந்து நன்றாக வேலை செய்தும், கண் அசையாமல் நின்றும், வலி அப்படியே இருந்தால் அது கண்ணில் இல்லை. நீண்டகால வலியில் நரம்பும் மூளையும் வலியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடுவது உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கண்ணை எடுத்தாலும் வலி மிச்சமிருக்கும். அவருக்குத் தேவை அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளும் வலி மருத்துவரும். கண்ணை எடுப்பது பற்றிப் பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் ஸ்கேன். கார்னியா மங்கிப்போய் உள்ளே பார்க்க முடியாத கண்ணில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. கண்ணுக்குள் மறைந்திருக்கும் புற்றுக்கட்டி சில நேரம் வலியும் அழுத்தமும் கொண்ட குருட்டுக் கண்ணாகவே வெளிப்படும். அப்பாவின் கதையில் சிரை அடைப்பு என்ற தெளிவான காரணம் இருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு. இருந்தாலும் வலியில்லாத சில நிமிடப் பரிசோதனை அது, கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அந்த டார்ச் வெளிச்சம். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே பெரிய செய்தி. கண்ணுக்குப் பின்னால் போடும் ஆல்கஹாலும் குளோர்புரோமசினும் பார்வை நரம்புக்கு மிக அருகில் போய்ச் சேருகின்றன. மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்ச உணர்வும் போய்விடலாம். அதனால்தான் பயனுள்ள பார்வை இருக்கும் கண்ணில் இவற்றைப் போடுவதில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, இருட்டறையில், நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் காட்டி டாக்டர் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். மூடிய இடது கண்ணின் விரலிடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்து ஏமாற்றுவது சகஜம். பார்வை முற்றிலும் போன கண்ணிலும் மூளை தானாக மின்னல் வெட்டுகளைக் காட்டும். ஆகவே அப்பா சொல்வது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்மையிலேயே வெளிச்சம் தெரிகிறது என்றால், அதை இழக்கச் சம்மதமா என்பதை அவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். பகலா இரவா என்று தெரிவதுகூடச் சிலருக்கு மிகப் பெரிது. வேறு சிலர், இந்த வலி போனால் அதுவும் போகட்டும் என்பார்கள். இரண்டும் நியாயமான பதில்தான். வீட்டிலுள்ளவர்கள் அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது.

இனி ஊசி. கீழ் இமைக்குக் கீழே, வெளிப்புற ஓரத்தை ஒட்டி, எலும்புக்கும் கண்ணுக்கும் நடுவே ஊசி நுழைகிறது. கண்ணை அசைக்கும் தசைகள் பின்பக்கம் கூம்புபோல் ஒன்று சேருகின்றன. மருந்து அந்தக் கூம்புக்குள் போக வேண்டும். சிலியரி கேங்லியான் என்ற சிறிய நரம்பு முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கண்ணின் உணர்ச்சி இழைகள் அதன் வழியாகவும் அதன் அருகிலும் செல்கின்றன. முதலில் லிக்னோகெய்ன் அல்லது புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து ஒன்றரை, இரண்டு மில்லி போடுவார்கள். சில நிமிடம் காத்திருந்து மரத்துப்போனதை உறுதி செய்துகொண்ட பிறகே முக்கிய மருந்தைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் ஊசியை எடுக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்றுவார்கள். கண் குழியின் மொத்தக் கொள்ளளவே சுமார் 30 மில்லிதான், அதில் கண்ணே 7 மில்லி போல எடுத்துக்கொள்கிறது. அதனால் செலுத்தும் மருந்து எப்போதும் ஓரிரு மில்லிதான்.

ஆல்கஹால் என்றதும் பலருக்கு ஒரு தயக்கம். இது ஊசிக்காகவே சுத்திகரித்த, ஏறக்குறைய நீர் கலக்காத ஆல்கஹால். ஒன்று முதல் இரண்டு மில்லி போடுவார்கள், போதை எதுவும் வராது. அது நரம்பிழையின் கொழுப்புறையையும் புரதத்தையும் சிதைத்து, செய்தி போகாமல் செய்துவிடுகிறது. ஆனால் நரம்பு மெதுவாக மறுபடி வளரக்கூடியது. அதனால் வலி சில வாரங்களிலோ சில மாதங்களிலோ திரும்பலாம். ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. திரும்பினால் மறுபடி போடலாம்.

குளோர்புரோமசின் பற்றி நீங்கள் தேடிப் படித்தது உண்மைதான். அது 1950-களின் தொடக்கத்தில் மனநல மருத்துவத்துக்கு வந்த மருந்து, இன்றும் அங்கே பயன்படுகிறது. அதே மருந்துக்கு நரம்பு உறைகளின் மேல் மரத்துப்போகச் செய்யும் குணமும் உண்டு. கண்ணுக்குப் பின்னால் செறிவாகப் போகும்போது அந்த இடத்து நரம்பிழைகளைச் செயலிழக்க வைக்கிறது. வலியுள்ள குருட்டுக் கண்களில் பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறோம். 25 முதல் 50 மில்லிகிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு மில்லி, ஒரு முறை. அப்பாவுக்கு மனநோய் என்று யாரும் நினைத்து எழுதவில்லை. இதைக் கொடுத்தால் புத்தி மாறிவிடும் என்ற பயமும் வேண்டாம். அன்றைக்குக் கொஞ்சம் மயக்கமாக, தூக்கமாக இருக்கலாம். ரத்த அழுத்தம் தாழலாம், ஆகவே ஊசிக்குப் பிறகு சட்டென்று எழுந்து நடக்க விடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரானால், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால், இந்த வகை மருந்தில் முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டில் எது? ஆல்கஹால் போடும்போதும் போட்ட பிறகும் எரிச்சல் அதிகம், தசைகளையும் அதிகம் தாக்கும். குளோர்புரோமசினில் போடும் நேரத்து வலி பொதுவாகக் குறைவு, பலனும் சற்று நீண்டு நிற்பதாகவே என் அனுபவம். ஆனால் அடுத்த சில நாட்களுக்கு இமையும் கண்ணைச் சுற்றிய இடமும் கன்றிப்போய் வீங்குவது இதில் அதிகம். ஃபீனால் என்ற மூன்றாவது மருந்தைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மருந்தின் பெயரைவிட, அதைத் தொடர்ந்து போட்டுப் பழகிய கைதான் முக்கியம். உங்கள் டாக்டருக்கு எது நன்றாகப் பழக்கமோ அதையே போடட்டும்.

பலன் எவ்வளவு என்றால், பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது. முழுவதும் போகிறவர்களும் உண்டு. ஒரு சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மரப்பு மருந்தால் அன்றே நிம்மதி தெரியும். அது தீர்ந்ததும் வீக்கமும் வலியும் சில நாள் திரும்பும். அதைப் பார்த்து ஊசி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துத்தான் சரியான கணக்குத் தெரியும்.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிக்கடி வருபவை பெரும்பாலும் தாமாகச் சரியாகும்: இமை வீக்கம், வெள்ளைவிழி நீர் கோத்துப் பிதுங்குவது, இமை தொங்கிப்போவது, கண் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பது, நெற்றியிலும் கன்னத்திலும் மரத்த உணர்வு. வாரங்களில் தேறிவிடும் இவற்றில், இமை தொங்கலும் கண் திரும்பலும் அபூர்வமாக அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. ஊசி பின்பக்க ரத்தக் குழாயைக் கீறினால் உள்ளே ரத்தம் தேங்கிக் கண் முன்னால் தள்ளும். அப்பாவுக்கு இதய நலனுக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை ஏதாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ கொண்டுபோய் விடலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். மிக அபூர்வமாக ஊசி கண்ணையே துளைத்துவிடலாம். அதைவிட அபூர்வமாக, மருந்து பார்வை நரம்பின் உறை வழியாக மூளைத்தண்டுவரை போய் மூச்சுத் திணறலும் நினைவு மங்கலும் உண்டாகலாம். போட்ட சில நிமிடங்களில் அது தெரிந்துவிடும், மூச்சுக்கு உடனே உதவி கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். இதனால்தான் ஆக்சிஜனும் அவசரச் சிகிச்சைக்கான ஏற்பாடும் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதற்காகத்தான்.

பலரும் மறந்துவிடும் பின்விளைவு ஒன்று உண்டு. உணர்ச்சி போன கண்ணுக்குத் தூசி விழுந்தாலும், கீறினாலும், காய்ந்தாலும் தெரியாது. கார்னியாவில் புண் வந்து வலியே இல்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும். வலி இல்லையே என்று அப்பா நிம்மதியாக இருப்பார், அதற்குள் கண் கெட்டுவிடும். ஆகவே ஊசிக்குப் பிறகு தினம் ஒரு முறை நீங்களோ வீட்டில் வேறு யாருமோ நல்ல வெளிச்சத்தில் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ், திடீரென்று அதிகமான சிவப்பு, எதைக் கண்டாலும் அன்றே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரப்பதச் சொட்டு மருந்து நிரந்தரமாகத் தொடரும். இமை சரியாக மூடாவிட்டால் இரவில் களிம்பும் வேண்டியிருக்கும்.

இடது கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். வலது கண்ணுக்குப் பின்னால் போடும் மருந்து அந்தப் பக்கத்து எலும்புக் குழிக்குள்தான் நிற்கிறது. இடது பக்கம் பரவுவது மிக மிக அபூர்வம். இடது கண்ணுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிரை அடைப்புக்குக் காரணமான ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண் அழுத்தம் எல்லாம் அந்த ஒரு கண்ணோடு நிற்பவை இல்லை. அவர் டாக்டரிடம் போவதை நிறுத்தியதிலிருந்து இடது கண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வலது கண்ணின் வலிக்காகப் போகும்போதே இடது கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இனி அவருக்கு இருப்பது அந்த ஒரு கண்தான். வெளியே போகும்போது, ஏதாவது வேலை செய்யும்போது, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் என்னிடம் வந்தால் இந்த ஊசி என் முதல் யோசனையாக இருக்காது. அழுத்தம் இன்னும் ஏறியே இருக்கிறது என்றால் அதை இறக்க முயல்வேன். அட்ரோபின் சொட்டு மருந்தும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தாலே பலருக்கு வலி பாதியாகிறது. அட்ரோபின் பெட்டியில் கிளாக்கோமா உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பார்வை போன, வலியுள்ள கண்ணுக்கு அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறோம். ஆனால் அது தப்பித் தவறி இடது கண்ணில் விழக் கூடாது. டிமோலால், டோர்சோலமைட் போன்ற அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துகளும், தேவையானால் கொஞ்ச நாளைக்கு அசிட்டசோலமைட் மாத்திரையும் உண்டு. டிமோலால் கொடுக்குமுன் ஆஸ்துமா இருக்கிறதா, அசிட்டசோலமைட் கொடுக்குமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இவை போதாவிட்டால் லேசர். கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் திசுவை, வெள்ளைவிழியின் மேலிருந்தே டயோட் லேசரால் சுட்டு, சுரப்பைக் குறைப்பது. கத்தி கிடையாது, மரப்பு ஊசி போட்டுச் செய்வார்கள், சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். சில நேரம் இரண்டாவது முறை தேவைப்படும். அழுத்தத்தால் வரும் வலிக்கு இது காரணத்தையே தொடுகிறது, ஊசி காரணத்தைத் தொடுவதில்லை. உங்களுக்கு யோசனை சொன்ன மூவரும் இதைப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. அழுத்தம் இன்னும் கூடியிருந்தால், அதுவும் வெளிச்சம் தெரிவது உறுதியானால், ஊசிக்கு முன் லேசரைப் பற்றிக் கேளுங்கள். அழுத்தம் ஏற்கெனவே இறங்கிக் கண் சுருங்கத் தொடங்கியிருந்தாலோ, லேசர் செய்தும் வலி விடாவிட்டாலோ, அப்போது ஊசிக்குத் தாராளமாகச் சம்மதம் சொல்லலாம்.

கண்ணை எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாவது டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. வலிக்கு உறுதியான, நிலையான தீர்வு என்றால் அதுதான். கண்ணுக்குள்ளிருப்பதை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளை ஓட்டை விட்டுவைக்கும் முறை உண்டு, முழுக் கண்ணையும் எடுக்கும் முறையும் உண்டு; கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முழுவதும் எடுப்பதுதான் சரி. உள்ளே ஒரு உருண்டை வைத்துத் தைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மற்றக் கண்ணைப் பார்த்து நிறம் தீட்டிய செயற்கைக் கண் பொருத்துவார்கள். எதிரே உட்கார்ந்து பேசுபவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எடுத்த பிறகும் கண் அங்கேயே இருப்பதுபோலச் சிலருக்கு உணர்வு வரும், அது இயல்பு. ஆனாலும் அப்பா வேண்டாம் என்கிறார். அது அவர் உடம்பு. கண்ணை எடுக்க மனமில்லாதவர்களுக்கும் மயக்க மருந்து தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கும் இந்த ஊசி பெரிய உதவி. ஆல்கஹால் ஊசியை அடிக்கடி போட்டால் உள்ளே திசுக்கள் தழும்பாகி, பின்னால் கண்ணை எடுக்க நேர்ந்தால் அறுவைச் சிகிச்சை கொஞ்சம் சிரமமாகும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவர் தினமும் போடும் வலி மாத்திரையின் பெயரைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையாக இருந்தால், இந்த வயதில் மாதக்கணக்கில் சாப்பிடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சிகிச்சை தொடங்கும்வரை டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். இந்த வலி மாத்திரையால் தீரக்கூடியதும் இல்லை.

இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். வாந்தியோடு தலை இடிக்கிறது என்றால் அழுத்தம் மிக அதிகமாக இருக்கலாம், அதை ஆற அமரப் பார்த்துக்கொள்ள முடியாது. போகும்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: இன்று வலது கண்ணின் அழுத்தம் எவ்வளவு? ஸ்கேனில் உள்ளே என்ன தெரிகிறது? வெளிச்சம் தெரிவது உண்மைதானா? மரப்பு மருந்தில் வலி அடங்குகிறதா? இவற்றின் பதில்களோடு எனக்கு மறுபடி எழுதினால், எந்த வழி அவருக்குப் பொருந்தும் என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். டாக்டரிடம் பேசும்போது அப்பாவையே பேச விடுங்கள். எந்த நேரத்தில் வலி கூடுகிறது, இமைக்கும்போது குத்துகிறதா, உள்ளே இடிக்கிறதா என்பதெல்லாம் அவர் வாயால் வரும்போதுதான் எங்களுக்குச் சரியாகப் புரிகிறது.